1812: குதிரைகள் எப்போது செத்தன? நெப்போலியன் பாட்காஸ்ட் கேட்பவர்களின் இழை

வாசகர் கேள்வி, 4 அக்டோபர் 2025
நெப்போலியன் பாட்காஸ்ட்டில் ரஷ்யப் படையெடுப்பு முடிந்துவிட்டது. கடைசிப் பாகங்கள் முழுக்கப் பனிதான். கேட்கும்போதே உடம்பு நடுங்கியது. ரஷ்யக் குளிர் மட்டும் இல்லையென்றால் ஐரோப்பா மொத்தமும் அவர் காலடியில் கிடந்திருக்கும் என்கிறேன். மறுப்பவர் உண்டா?

4 அக்டோபர், இரவு
நான் மறுக்கிறேன். அந்தப் படை சிதைந்தது கோடையில்.

1812 ஜூன் 24 அன்று ரஷ்ய எல்லையில் கோவ்னோவுக்கு அருகே நேமன் ஆற்றைக் கடக்கிறார்கள். செப்டம்பர் 14 அன்று மாஸ்கோவுக்குள் நுழைகிறார்கள். இடைப்பட்ட வாரங்களில் பனியே விழவில்லை. பெரிய சண்டை என்றால் ஆகஸ்டில் ஸ்மோலென்ஸ்க், செப்டம்பர் 7 அன்று போரோதினோ, இரண்டுதான். ஆனால் போரோதினோவை எட்டுவதற்கு முன்பே, நெப்போலியன் நேரடியாக நடத்திச்சென்ற நடுப்படையில் பாதிக்கு மேல் கரைந்துபோயிருந்தது. இதை பாட்காஸ்ட்டும் சொல்கிறது. ஆனால் பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டு ஓடிவிடுகிறது. பின்வாங்கலுக்கு மட்டும் மணிக்கணக்கில் நேரம் ஒதுக்குகிறார்கள். கேட்பவர்கள் மனத்தில் எது நிற்கும்?

5 அக்டோபர்
"கோடையில் யார் சாவார்கள்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். முதலில் குதிரைகள்.

லித்துவேனியாவின் வில்னா நகரை ஜூன் 28 அன்று பிடித்தார்கள். அதையொட்டிய நாட்களில் பெரும்புயல். கொதிக்கும் வெயிலுக்குப் பிறகு திடீரென்று குளிர்ந்த மழை, இரவெல்லாம் விடாமல். நேமனைக் கடந்து ஒரு வாரம்கூட ஆகாத நிலையில் குதிரைகள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. பத்தாயிரம் என்று அன்று உடனிருந்தவர்கள் எழுதிவைத்தார்கள். எதிரி ஒரு குண்டுகூடச் சுட வேண்டியிருக்கவில்லை.

புயல் கடைசி அடிதான். அதற்கு முன்பே அந்தக் குதிரைகளின் வயிறு கெட்டிருந்தது. ஓட்ஸ் ஏற்றிய வண்டிகள் பின்தங்கிவிட்டன. குதிரைவீரர்கள் வழியில் நின்ற ரை என்ற தானியத்தின் பச்சைப் பயிரை, கதிர் முற்றுவதற்கு முன்பே அறுத்துப் போட்டார்கள். வேலை செய்யும் குதிரைக்கு அது ஆகாது. வயிறு உப்பும், கழிச்சல் போகும், வலியில் உருளும். எங்கள் வீட்டில் மாடு இருந்த காலத்தில் இளஞ்சோளத்தட்டில் வாய்வைத்துவிடாமல் அப்பா எப்படிக் காவல் காப்பார் என்பது நினைவிருக்கிறது. சோளத்தில் இருப்பது விஷம், ரையில் நடப்பது செரிமானக் கோளாறு, இரண்டும் வேறு. ஆனாலும் பச்சைப்பயிர் மேய்ந்த மாடு ஒரு மணி நேரத்தில் என்ன ஆகும் என்று பார்த்தவர்களுக்கு அந்தச் சாலையின் இருபுறமும் எப்படிக் கிடந்திருக்கும் என்று விளங்கும்.

ஜெர்மானிய நாடான வூர்ட்டம்பர்க்கின் பீரங்கிப்படை அதிகாரி ஃபாபர் து ஃபோர் போகும் வழியெல்லாம் வரைந்துகொண்டே போனவர். படங்களில் இடமும் தேதியும் இருக்கும். பனிக்காட்சிகளைத்தான் எல்லோரும் பகிர்கிறார்கள். தேதி பார்த்து ஜூலைப் படங்களை எடுத்துப் பாருங்கள்.

7 அக்டோபர்
மேலே ஒரு நண்பர், படையின் அளவைப் பட்டையின் அகலத்தால் காட்டும் மினாரின் புகழ்பெற்ற வரைபடத்தை எடுத்துவைத்து, "4,22,000 பேர் போனார்கள், 1,00,000 பேர் மாஸ்கோ சேர்ந்தார்கள், ஆக 3,22,000 பேர் கோடையில் செத்தார்கள்" என்று கணக்குப் போட்டிருக்கிறார். என் பக்கம் நின்று பேசுகிறார் என்பதற்காக இதை விட்டுவிட முடியாது. இந்தக் கழித்தல் செல்லாது.

1869-ல் சார்ல் மினார் வரைந்த அந்தப் படத்தில், போகும் பட்டையிலிருந்து கிளைகள் பிரிவதைப் பாருங்கள். 22,000 பேர் ஒரு கிளை. 60,000 பேர் போலோத்ஸ்க் பக்கம் இன்னொரு கிளை. இவர்கள் சாகவில்லை, வடக்குப் பக்கத்தைக் காக்கப் பிரிந்தவர்கள். வில்னா, வித்தெப்ஸ்க், ஸ்மோலென்ஸ்க் என்று பிடித்த ஊரிலெல்லாம் காவலுக்கு ஆள் நிறுத்தினார்கள். மருத்துவமனையில் படுத்தவர்கள் உண்டு. படையை விட்டு ஓடி, கொள்ளையடித்துக்கொண்டு காட்டோரம் திரிந்தவர்கள் உண்டு. போரோதினோவில் மட்டும் நெப்போலியன் பக்கம் 30,000 பேரளவில் செத்தோ காயம்பட்டோ விழுந்தார்கள். இத்தனையையும் கழித்த பிறகும் பசியும் நோயும் கொண்டுபோன தொகை பயங்கரமானது. அதை ஊதிப் பெருக்கத் தேவையே இல்லை.

7 அக்டோபர், சற்றுப் பிறகு
அந்தப் படத்தையே இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே வெப்பநிலைக் கோடு ஒன்று ஓடுகிறதல்லவா? அது திரும்பி வரும் பயணத்துக்கு மட்டும்தான். அக்டோபர் 18 அன்று பூஜ்யம் என்று தொடங்கி டிசம்பர் 6 அன்று ரேமூர் என்ற பழைய வெப்பநிலை அளவில் மைனஸ் 30 வரை இறங்குகிறது. நம் செல்சியஸ் அளவில் அது மைனஸ் 37.5 டிகிரி. போகும் பட்டைக்குக் கீழே எந்தக் கோடும் இல்லை. ஜூலை வெயில் இல்லை, மழை இல்லை, தீவன நிலவரம் இல்லை. படை மிக அதிகமாக மெலிவது மேலே, காரணம் எழுதப்பட்டிருப்பது கீழே. இந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்த யாரும் குளிர்தான் என்று சொல்வதில் வியப்பில்லை. எனக்குப் பள்ளியில் வரலாறு சொல்லித்தந்த ஆசிரியரும் அப்படித்தான் சொன்னார்.

12 அக்டோபர்
நேரம் கிடைத்தது. தீவனக் கணக்கை முழுதாகப் போட்டுவிடுகிறேன், ஏனென்றால் மொத்த விவாதமும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

குதிரைப்படை, பீரங்கி, வண்டி எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்கு மேல் குதிரைகள். ஒன்றரை லட்சம் என்றே வைத்துக்கொள்வோம். உழைக்கும் குதிரைக்கு நாளொன்றுக்கு 9 கிலோ தீவனம் என்று குறைத்தே வைப்போம். நாளுக்கு 13,50,000 கிலோ, அதாவது 1,350 டன். நான்கு குதிரை பூட்டிய பெரிய வண்டி ஒன்றரை டன் ஏற்றும். தினமும் 900 வண்டி வந்து சேர வேண்டும். இது குதிரைகளுக்கு மட்டும். மனிதனுக்கு ரொட்டி இன்னும் கணக்கில் வரவில்லை.

அடுத்து, அந்த வண்டியை இழுக்கும் நான்கு குதிரைகளும் தின்னும், நாளுக்கு 36 கிலோ. இருபது நாள் போகவும் இருபது நாள் வெறும் வண்டியோடு திரும்பவும் 1,440 கிலோ. வண்டியில் ஏற்றியது 1,500. போய்ச்சேரும் சரக்கு 60 கிலோ!

கோவ்னோவிலிருந்து மாஸ்கோ சுமார் 900 கிலோமீட்டர். நல்ல சாலையில் நாளுக்கு 20, 25 கிலோமீட்டர் போனாலும் இருபது நாளில் பாதி தூரம்தான் தாண்ட முடியும். ஆக, கிடங்கில் எத்தனை மலை தானியம் குவித்தாலும் வண்டி கட்டி மாஸ்கோவுக்குத் தீவனம் அனுப்ப வழியே இல்லை. வழியில் விளைந்ததைத்தான் தின்றாக வேண்டும். அந்த மண்ணிலோ ஊர்கள் அரிது, விளைச்சல் குறைவு. ரஷ்யத் தளபதி பார்க்லே டி டோலி பின்வாங்கப் பின்வாங்க, கிடங்குகளையும் எரித்துக்கொண்டே போனார்.

13 அக்டோபர்
"அப்படியானால் நெப்போலியன் முட்டாளா? இந்தக் கணக்கு அவருக்குத் தெரியாதா?" நியாயமான கேள்வி. நன்றாகத் தெரியும். பால்டிக் பக்கத்து ஊர்களான டான்சிக்கிலும் கோனிக்ஸ்பெர்க்கிலும் மாதக்கணக்கில் கிடங்கு நிரப்பினார். வண்டிப் பட்டாளங்களைப் புதிதாக அமைத்தார். ஜூன் இறுதிவரை காத்திருந்ததே புல் வளரட்டும் என்றுதான். அவர் திட்டத்தில் மாஸ்கோ இல்லை. எல்லையை ஒட்டியே ரஷ்யப் படையை மடக்கி, சில வாரத்தில் ஒரே சண்டையில் முடிப்பது திட்டம். எதிரி நிற்காமல் நழுவிக்கொண்டே போனதும், இன்னும் நான்கு நாள், இன்னும் ஒரு ஊர் என்று பின்னால் ஓடினார். வில்னாவில் நின்றிருக்கலாம். ஜூலை 28 அன்று வித்தெப்ஸ்க் சேர்ந்தபோது நின்றிருக்கலாம், அங்கே நிற்பதாகச் சொல்லவும் செய்தார்.

பழைய வெற்றிகள்தான் அவரை இழுத்துக்கொண்டு போயின என்று நினைக்கிறேன். 1796-ல் இத்தாலியின் போ சமவெளி, அடுத்தடுத்து ஊர்கள், கொழுத்த வயல்கள். 1805-ல் ரைன் நதியிலிருந்து டான்யூப் வரை மின்னல்போல வந்து அக்டோபர் 20 அன்று உல்ம் நகரில் ஆஸ்திரியப் படையைச் சரணடைய வைத்தார். அது தெற்கு ஜெர்மனியில் அறுவடை முடிந்து களஞ்சியம் நிறைந்திருந்த நேரம். நிலமே சோறு போட்டதால் வண்டிக்குக் காத்திருக்காமல் ஓட முடிந்தது. அந்த வேகத்தைத்தான் நாம் மேதைமை என்கிறோம், அது மேதைமைதான், மறுக்கவில்லை. ஆனால் 1807 தொடக்கத்தில் போலந்துச் சேற்றிலும் ஐலாவ் போர்க்களத்திலும் அதே படை பட்டினி கிடந்தது. எச்சரிக்கை கையில் இருந்தது.

19 அக்டோபர்
1812-ல் இதே நாள் மாஸ்கோவை விட்டுக் கிளம்பினார்கள்.

இன்று வேறொன்று சொல்ல வேண்டும். போர் வரலாற்றைக் காதால் மட்டும் கேட்பது தனிப் பயிற்சி. மாலை நடையில் கேட்பவன் நான். முதல் தடவை கேட்டபோது ஒன்றும் ஒட்டவில்லை. எல்லா ஊரும் "ஸ்க்"கில் முடிகிறது, எந்த ஆறு எந்தப் பக்கம் என்று பிடிபடவில்லை. பிறகு நேமன், திவினா, நீப்பர், பெரேசினா ஆகிய நான்கு ஆறுகளை மட்டும் ஒரு தாளில் கோடாக வரைந்து, ஊர்ப்பெயர் வர வர எழுதிக்கொண்டேன். அதற்குப் பிறகு தொடர் புதிதாகத் திறந்துகொண்டது. புதிதாகச் சேர்பவர்கள் இதைச் செய்யுங்கள்.

கேட்பவர் கடிதங்கள் பகுதியை இந்த வாரம் மறுபடி கேட்டேன். பெரும்பாலும் "அப்படி நடந்திருந்தால்" கேள்விகள். போரோதினோவில் பேரரசரின் காவல்படையை இறக்கியிருந்தால்? தெற்கே கலூகா வழியில் திரும்பியிருந்தால்? எனக்கும் பிடித்த கேள்விகள்தான், மறுக்கமாட்டேன். ஆனால் அந்தப் பச்சை ரை யாருடையது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லையே! லித்துவேனிய, பெலாருஸிய குடியானவன் மறு ஆண்டு தின்ன வேண்டிய சோறு அது. போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை அந்தச் சாலையோரக் கிராமங்கள் நசுக்கப்பட்டன. வூர்ட்டம்பர்க்கிலிருந்து கட்டாயப்படுத்திக் கூட்டிவரப்பட்ட யாக்கோப் வால்டர் என்ற கல்தச்சர், கிராமத்தார் மண்ணுக்குள் புதைத்துவைத்த உணவைத் தோண்டியெடுத்துத் தின்றதை எழுதிவைத்திருக்கிறார். தின்றவனும் பசியில் செத்துக்கொண்டிருந்தவன், புதைத்தவனும் அப்படியே. இந்தப் படையெடுப்பில் என்னை மிகவும் வருத்துவது இந்த இடம்தான்.

26 அக்டோபர்
வில்னியஸ் (அன்றைய வில்னா) எலும்புகள் பற்றிய புதிய ஆய்வைப் பலர் அனுப்பியிருக்கிறீர்கள். நன்றி.

2001-ல் வில்னியஸ் நகரில் கட்டட வேலைக்குத் தோண்டியபோது 3,000-க்கு மேற்பட்ட வீரர்களின் எலும்புகள் கிடைத்தன. 2006-ல் வெளியான ஆய்வு அவற்றில் பேன் பரப்பும் டைஃபஸ், அகழிக் காய்ச்சல் இரண்டின் தடயத்தையும் கண்டது. இப்போது 13 வீரர்களின் பற்களை ஆராய்ந்ததில் பாராடைஃபாய்டு கிருமியும், பேனால் பரவும் மறுகாய்ச்சல் கிருமியும் கிடைத்திருக்கின்றன. இந்தப் பற்களில் டைஃபஸ் இல்லை. டைஃபஸே இருந்ததில்லை என்று இதற்குப் பொருளல்ல. பதின்மூன்று பேர்தான்.

ஒரு நண்பர் "பார்த்தீர்களா, கோடைக் கட்சி வென்றது" என்று எனக்கு வாழ்த்துச் சொல்கிறார். கொஞ்சம் பொறுங்கள். அந்தக் குழிகள் டிசம்பரில், பின்வாங்கி வந்து வில்னாவில் விழுந்தவர்களுக்கானவை. கோடையில் என்ன கொன்றது என்பதை அவை நேரடியாகச் சொல்லாது. கோடைக்கு ஆதாரம் வேண்டுமென்றால் போலோத்ஸ்க்கில் நின்ற, நெப்போலியனோடு வந்த ஜெர்மானியப் பவேரியர்களைப் பாருங்கள். சண்டையைவிட வயிற்றுப்போக்கில்தான் ஆயிரமாயிரமாகக் குறைந்தார்கள்.

2 நவம்பர்
கொழும்பு வாசகர், "இவ்வளவு பேசுகிறீர்களே, இந்த மனிதருக்கும் எங்களுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?" என்கிறார். உண்டு, நேரடியாகவே. பிரான்ஸின் பிடியில் ஹாலந்து இருந்ததால்தான் 1795, 1796-ல் ஆங்கிலேயர் திருகோணமலையையும் கொழும்பையும் டச்சுக்காரர்களிடமிருந்து பறித்தார்கள். 1802-ல் பிரான்ஸோடு செய்த அமியன் உடன்படிக்கையில் நன்னம்பிக்கை முனை உட்படப் பலவற்றை அவர்களுக்குத் திருப்பித்தர ஒப்புக்கொண்ட ஆங்கிலேயர் இலங்கையை மட்டும் விடவில்லை. நெப்போலியனும் அதற்காக மல்லுக்கட்டவில்லை.

புதுச்சேரியும் அதே உடன்படிக்கைப்படி பிரான்ஸுக்குத் திரும்ப வேண்டியது. பொறுப்பேற்க டெகான் என்ற தளபதியை அனுப்பினார். 1803 ஜூலையில் அவர் வந்து சேர்வதற்குள் ஐரோப்பாவில் போர் மறுபடி வெடித்துவிட, கரையிறங்கி ஆள முடியாமல் மொரீஷியஸ் போனார். 1810-ல் அந்தத் தீவை ஆங்கிலேயர் பிடித்தபோது போன படையில் சென்னை மாகாணச் சிப்பாய்களும் இருந்தார்கள். பாட்காஸ்ட் இந்தப் பக்கமே திரும்பவில்லை. இதற்கு வேண்டுமானால் தனி இழை தொடங்கலாம்.

9 நவம்பர்
முதல் கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, "குளிருக்குப் பங்கே இல்லையா?" என்று கேட்டிருக்கிறார். இல்லை என்று சொல்லவே மாட்டேன். இந்த வாரங்களில் என் எண்ணம் கொஞ்சம் நகர்ந்தும் இருக்கிறது.

நவம்பர் முதல் வாரம் பனி விழத் தொடங்கியது. அப்போது உயிரோடிருந்த குதிரைகளுக்கு இன்னொரு ஆபத்து, லாடம். உறைந்த சாலையில் வழுக்காமலிருக்கக் கூர்முனை லாடம் வேண்டும். போலந்துக்காரர்களுக்கு இது பழக்கம். பேரரசரின் குதிரைகளுக்குப் பொறுப்பான கோலன்கூர் ரஷ்யாவில் தூதராக இருந்தவர், அரண்மனைக் குதிரைகளுக்கு முன்கூட்டியே அப்படி லாடம் அடிக்க வைத்தார். மற்ற படைக்கு அது நடக்கவில்லை. ஒவ்வொரு மேட்டிலும் பீரங்கி இழுத்த குதிரைகள் கால் வழுக்கி விழுந்தன. எழ முடியாத குதிரையை அங்கேயே அறுத்துத் தின்றார்கள், பீரங்கியை அங்கேயே விட்டார்கள்.

கோடைக் கட்சிக்குக் கடினமான சான்றும் ஒன்று உண்டு. லுவாசோன் என்ற தளபதியின் கீழிருந்த புதிய படைப்பிரிவு கோடையில் நடந்ததே இல்லை. டிசம்பர் தொடக்கத்தில் வில்னாவிலிருந்து, தப்பிவருவோரை எதிர்கொள்ளக் கிளம்பியது. சில நாட்களில் கடுங்குளிரிலேயே பெரும்பகுதி அழிந்தது. அங்கே கொன்றது குளிர், சந்தேகமே இல்லை. ஆக என் கட்சியை இப்படி வைக்கிறேன்: வென்று திரும்பும் வாய்ப்பைக் கோடை அழித்தது, எஞ்சியவர்கள் உயிரோடு வீடு திரும்பும் வாய்ப்பைக் குளிர் அழித்தது.

27 நவம்பர்
பெரேசினா, பின்வாங்கும் படை கடந்தாக வேண்டிய ஆறு. குளிர்க் கட்சியினர் இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள்.

ஆறு உறைந்திருந்தால் நடந்தே தாண்டியிருப்பார்கள். நவம்பர் கடைசி வாரத்தில் குளிர் தளர்ந்து பனிக்கட்டி உடைந்துவிட்டது. பாலம் இல்லாமல் கடக்க முடியாது. பாலத்துக்கான மிதவைகளையோ சில நாள் முன்பு ஓர்ஷாவில் எரித்துவிட்டிருந்தார்கள். ஏன்? அவற்றை இழுத்த குதிரைகள் பீரங்கிக்குத் தேவைப்பட்டன. மறுபடியும் குதிரை!

பாலப்படைத் தலைவர் எப்ளே மட்டும் கருவிப் பெட்டிகளையும் இரண்டு கொல்லுலைகளையும் கரியையும் எரிக்காமல் காப்பாற்றி வைத்திருந்தார். ஸ்துதியான்கா கிராமத்து வீடுகளைப் பிரித்து மரம் எடுத்தார்கள். அவருடைய ஆட்கள் சுமார் 400 பேர், பெரும்பாலும் டச்சுக்காரர்கள், மார்பளவு நீரில் பனிக்கட்டிகள் மோத நின்று தாங்குகால் நட்டு இரண்டு பாலம் கட்டினார்கள். ஒடிந்தபோதெல்லாம் மறுபடி இறங்கினார்கள். அவர்களில் வெகு சிலரே பிழைத்தார்கள். எப்ளே டிசம்பர் 31 அன்று கோனிக்ஸ்பெர்க்கில் இறந்தார். பேரரசர் தப்பியது இவர்களால். பாட்காஸ்ட் இந்தப் பகுதியைச் சொன்ன விதத்துக்குத் தலைவணங்குகிறேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

16 டிசம்பர்
"குளிர்தான் காரணம் என்று முதலில் சொன்னது யார்?" என்று கேட்டவருக்கு: நெப்போலியனே. டிசம்பர் 3 தேதியிட்ட, போர் நிலவரம் சொல்லும் அவருடைய 29-ஆம் அறிக்கை இதே டிசம்பர் 16 அன்று பாரிஸில் அரசு ஏடான மோனிட்டரில் வெளியானது. நவம்பர் 7-லிருந்து கடுங்குளிர், ஒவ்வோர் இரவும் குதிரைகள் நூற்றுக்கணக்கில் அல்ல, ஆயிரக்கணக்கில் செத்தன, அதனால் எல்லாம் கெட்டது என்கிறது அது. அதற்கு முன் எல்லாம் நலமாம். வில்னா புயல் பற்றிப் பேச்சில்லை. பேரரசரின் உடல்நலம் இதைவிடச் சிறப்பாக இருந்ததில்லை என்று முடிகிறது. மகனைப் பறிகொடுத்த வீடுகளில் அதைப் படித்திருப்பார்கள். 200 ஆண்டுக்கு மேலாகியும் அந்த அறிக்கையின் வாதத்தை நாம் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டுமா?

4 ஜனவரி 2026
தொடர் 1813-க்குள் நுழைகிறது. ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். ஆட்களை அவர் சில மாதத்தில் திரட்டிவிட்டார், பதின்ம வயது இளைஞர்கள் வரை. குதிரையை அப்படித் திரட்ட முடியவில்லை. வளர ஆண்டுகள் வேண்டும், குதிரைப்படைக்குப் பழக்க இன்னும் காலம் வேண்டும். ஜெர்மனியில் மே 2 அன்று லுட்சனில் வெல்கிறார், மே 20, 21-ல் பவுட்சனில் வெல்கிறார். இரண்டு முறையும் தோற்ற எதிரி ஒழுங்காக நடந்தே தப்பிப்போகிறான், துரத்திப் பிடிக்கக் குதிரைப்படை இல்லை. ஜூன் 4 அன்று போர்நிறுத்தத்துக்கு ஒப்புக்கொள்கிறார். ஆகஸ்டில் ஆஸ்திரியாவும் எதிரணியில் சேர்கிறது. அக்டோபரில் லைப்ஸிக் தோல்வி.

லுட்சன் பாகத்தில் தொகுப்பாளர்கள் குதிரைப் பற்றாக்குறையைச் சொல்வார்கள், தவிர்க்கவே முடியாது. அங்கே நிறுத்தி, கோடைப் பாகத்தின் அந்தப் பத்து நிமிடத்தை மறுபடி கேட்டுவிட்டு வாருங்கள். மிச்சத்தை லுட்சனிலிருந்து பேசுவோம்.